ஆர்மீனியரின் கண்ணீரும் பாராளுமன்றத் தராசும்

சென்னை ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே போய் அரண்மனையைத் தேடினால் கிடைக்காது. ஆர்மீனியன் தெரு என்ற பெயர்தான் நம் மக்கள் வாயில் அப்படித் திரிந்து நிலைத்துவிட்டது. உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794ஆம் ஆண்டு அச்சேறியது சென்னையில்தான். ஆர்மீனியருக்கென்று ஒரு சுதந்திர நாடு, அந்த நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் என்று கனவு கண்டு நூல் எழுதி அச்சிட்டதும் சென்னையில் வணிகம் செய்துவந்த ஷாஹமிரியன் குடும்பத்தார்தாம். பிழைக்க வந்த ஊரில் அச்சுக்கூடம் வைத்துத் தாய்நாட்டைப் பற்றிச் சிந்தித்த சமூகம் அது. பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று ஊரில் சங்கம் வைத்து, பத்திரிகையும் நடத்துகிற நமக்கு அவர்கள் கதை அந்நியமானதல்ல.

அந்தச் சமூகம் நூறாண்டுக்கு மேலாக உலகத்துப் பாராளுமன்றங்களின் வாசலில் நின்று ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. “எங்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று சொல்லுங்கள்” என்பதே அது. இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏதேனும் ஒரு வகையில் சொல்லியிருக்கின்றன. சொன்ன நாடுகள் ஏன் சொன்னன, எப்போது சொன்னன, சொன்னதால் ஆர்மீனியர் கண்ட பலன் என்ன என்று கணக்குப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்தியாவும் சொல்ல வேண்டும் என்ற பேச்சு இப்போது நம் நாட்டிலும் கேட்கிறது. ஆகவே இது நம் கணக்கும்தான்.

அன்றைக்கே தெரிந்த உண்மை

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 24. ஒட்டமான் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்மீனிய எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அரசியல்வாதிகளும் கைது செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் நாடு கடத்தும் சட்டம் பிறந்தது. ஊர் ஊராக ஆண்கள் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டார்கள். தேர் எஸ்ஸோர் என்ற பாலைவன ஊரின் பெயர் இன்றும் ஆர்மீனியரின் நெஞ்சில் ஆறாத புண். மாண்டவர் தொகை ஆறு லட்சத்திலிருந்து பதினைந்து லட்சம் வரை பலவாறாகச் சொல்லப்படுகிறது. பத்து லட்சத்துக்குக் குறையாது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

இது உலகத்துக்குத் தெரியாமல் நடந்ததா? இல்லை. 1915 மே 24 அன்றே பிரிட்டன், பிரான்சு, ருஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும் கூட்டாக அறிக்கை விட்டன. இது மனித குலத்துக்கும் நாகரிகத்துக்கும் எதிரான குற்றம், இதற்கு ஒட்டமான் அரசின் ஒவ்வோர் அமைச்சரும் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எச்சரித்தன. அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தாவ் ஓர் இனத்தையே அழிக்கும் இயக்கம் நடக்கிறது என்று அவ்வாண்டு ஜூலையில் வாஷிங்டனுக்குத் தந்தியடித்தார். 1916ல் பிரிட்டிஷ் அரசு சாட்சியங்களைத் தொகுத்துப் பெரிய நூலாகவே வெளியிட்டது. போர் முடிந்தபின் ஒட்டமான் அரசின் சொந்த ராணுவ நீதிமன்றமே 1919ல் தலாத், என்வர், ஜெமால் ஆகிய முன்னாள் அமைச்சர்கள் மூவருக்கும், அவர்கள் தப்பியோடிய நிலையில், மரண தண்டனை விதித்தது. உண்மையை நிலைநாட்டப் பிற்காலத்துத் தீர்மானங்கள் எதுவும் தேவைப்படவில்லை என்பதை வாசகர்கள் நினைவில் நிறுத்த வேண்டும்.

பிறகு நடந்ததென்ன? 1920 ஆகஸ்டில் கையெழுத்தான செவ்ர் ஒப்பந்தம் ஆர்மீனியாவைச் சுதந்திர நாடாக ஏற்றது. குற்றவாளிகளை ஒப்படைக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் அதற்குள் முஸ்தபா கெமாலின் படை எழுந்துவிட்டது. வல்லரசுகளுக்குப் போர்க்களைப்பு, புதிய துருக்கியோடு சமாதானம் தேவைப்பட்டது. மால்டா தீவில் சிறைவைத்திருந்த ஒட்டமான் அதிகாரிகளை 1921ல் தன் கைதிகளுக்கு மாற்றாகப் பிரிட்டன் விடுவித்தது. 1923 ஜூலையில் லோசான் ஒப்பந்தம் வந்தது. அதில் ஆர்மீனியா என்ற சொல்லையே காணோம்! எட்டு ஆண்டுக்கு முன் நாகரிகத்தின் பெயரால் முழங்கியவர்கள்தாம் அந்தச் சொல்லையும் அழித்தார்கள். ஆர்மீனியர் கண்ணீர் தராசில் ஏறியது அன்றுதான். மறு தட்டில் துருக்கியின் நட்பு இருந்தது. எடை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சாங்கம் பார்த்து வரும் தீர்மானம்

அடுத்த நாற்பது ஆண்டு மௌனம். 1952ல் துருக்கி நேட்டோ அணியில் சேர்ந்தது. எஞ்சிய ஆர்மீனியா சோவியத் குடியரசாக இருந்தது. மேற்கு நாடுகளுக்கு நேச நாட்டைப் புண்படுத்த மனமில்லை. மாஸ்கோவுக்கோ தேசிய உணர்ச்சி தலைதூக்குவதில் விருப்பமில்லை. ஐம்பதாண்டு நிறைவில், 1965 ஏப்ரல் 24 அன்று, எரெவான் நகரத் தெருக்களில் மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்ட பிறகே சோவியத் அரசு அசைந்து கொடுத்தது. 1967ல் அங்கே நினைவுச் சின்னம் எழுந்தது.

அதே 1965ல் தென்னமெரிக்காவின் சின்னஞ்சிறு உருகுவே நாடு, உலகிலேயே முதலாவதாக, ஆர்மீனியத் தியாகிகளுக்கு ஒரு நினைவு நாளைச் சட்டமாக்கியது. உருகுவேக்குத் துருக்கியோடு பகையுமில்லை, பங்காளிச் சண்டையுமில்லை. அகதிகளாய் வந்து மான்டிவிடியோவில் குடியேறிய ஆர்மீனியர் அக்கம்பக்கத்தாரிடம் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது பாராளுமன்றத்தின் காதில் விழுந்தது. இப்படியும் நடக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் பெரிய நாடுகளின் நடத்தை வேறு மாதிரி.

அமெரிக்காவைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வரும் தறுவாயில் ஜனாதிபதி கிளிண்டன் கடிதம் எழுதினார். தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. 2007ல் வெளிவிவகாரக் குழு 27க்கு 21 என்று ஏற்றது. துருக்கி தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஈராக் போருக்குச் சரக்கு போவது துருக்கியின் இன்ஜிர்லிக் விமானத்தளம் வழியாக ஆயிற்றே! முன்னாள் வெளிவிவகார அமைச்சர்கள் எட்டுப் பேர் கூட்டாகக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். தீர்மானம் சபையை எட்டவில்லை. 2008 தேர்தலில் ஒபாமா அந்தச் சொல்லைச் சொல்வேன் என்று வாக்களித்தார். எட்டு ஆண்டு ஆட்சியில் ஒவ்வோர் ஏப்ரலிலும் வேறு சொல்லைத் தேடிக்கொண்டார்.

அப்படியானால் 2019ல் மட்டும் என்ன அதிசயம் நிகழ்ந்தது? அவ்வாண்டு அக்டோபர் 29ல் பிரதிநிதிகள் சபை 405க்கு 11 என்று அதே தீர்மானத்தை நிறைவேற்றியது. வெள்ளை மாளிகையின் வேண்டுகோளால் மூன்று முறை தடைபட்டபின் டிசம்பர் 12ல் செனட்டும் ஒருமனதாக ஏற்றது. புதிய ஆவணம் எதுவும் கிடைத்துவிடவில்லை. அந்த அக்டோபரில் துருக்கிப் படை வட சிரியாவுக்குள் புகுந்து, அமெரிக்காவின் கூட்டாளிகளான குர்தியரைத் தாக்கியது. ருஷ்யாவிடம் ஏவுகணைகளை வாங்கியதும் அவ்வாண்டுதான். 1915ல் செத்தவர்களுக்காக 2019ல் கை தூக்கியவர்களில் எத்தனை பேர் அந்தக் கோபத்தில் தூக்கினார்கள் என்று கேட்காமலிருக்க முடியவில்லை. 2021 ஏப்ரல் 24ல் ஜனாதிபதி பைடனும் அந்தச் சொல்லைச் சொன்னார்.

சிரியாவின் கதை இன்னும் வெளிச்சம். 2020 பிப்ரவரியில் இட்லிப் போர்க்களத்தில் துருக்கிப் படையும் சிரியப் படையும் மோதிக்கொண்டிருந்தபோது, அசாத் ஆட்சியின் பாராளுமன்றம் திடீரென்று ஆர்மீனிய இனப்படுகொலையை அங்கீகரித்தது. சொந்த மக்கள் மீதே குண்டு பொழிந்த ஆட்சி அது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! இஸ்ரேலியப் பாராளுமன்றம் இந்த விஷயத்தை ஆண்டாண்டாக ஒத்திவைத்தது. காசாப் போரையொட்டி 2024ல் துருக்கி வாணிபத்தை முறித்துக்கொண்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் நெதன்யாகு ஒரு பேட்டியில் தாம் அதை ஏற்பதாகச் சொன்னார். 1916ல் சாட்சியங்களை நூலாக வெளியிட்ட பிரிட்டிஷ் அரசோ இன்றுவரை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

ஜெர்மனியை இவர்களோடு ஒரே கட்டாகக் கட்ட மனம் வரவில்லை. 2016 ஜூன் 2ல் அதன் பாராளுமன்றம், போரில் துருக்கியின் கூட்டாளியாயிருந்த தன் பழைய பேரரசும் குற்றத்துக்கு உடந்தை என்று ஒப்புக்கொண்டது. அகதிகள் விஷயத்தில் துருக்கியின் தயவு மிகவும் தேவைப்பட்ட நேரம் அது. ஆயினும் வாக்கெடுப்பு வேளையில் பிரதமர் மெர்க்கல் சபையில் இல்லை. இன்ஜிர்லிக் தளத்திலிருந்த ஜெர்மன் வீரர்களைப் பார்க்க அந்நாட்டு எம்.பி.க்களைத் துருக்கி அனுமதிக்க மறுத்ததும், தீர்மானம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று செப்டம்பரில் அரசின் பேச்சாளர் விளக்கம் சொன்னார். அதன் பிறகே கதவு திறந்தது.

துருக்கியின் வாதமும் ஒரு நேர்மையாளரின் குரலும்

துருக்கி அரசு சொல்வதையும் கேட்போம். போர்க்காலம், ருஷ்யப் படையோடு சேர்ந்த ஆர்மீனியக் கிளர்ச்சியாளர்கள் இருந்தார்கள், இரு தரப்பிலும் சாவு நேர்ந்தது, வரலாற்றை வரலாற்றாசிரியர்களிடம் விடுங்கள் என்கிறது. கிளர்ச்சி நடந்த இடங்கள் உண்டு. முஸ்லிம் மக்களும் அப்போரில் ஏராளமாய் மாண்டார்கள். ஆனால் போர்முனைக்கு வெகு தொலைவிலிருந்த ஊர்களின் கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் பாலைவனத்துக்கு ஓட்டியதற்கு இது பதிலாகுமா? 1970களிலும் 80களிலும் ஆர்மீனிய இளைஞர் சிலர் ஆயுதமேந்தித் துருக்கித் தூதர்களைச் சுட்டார்கள். 1983ல் பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் குண்டு வைத்து எட்டுப் பேரைக் கொன்றார்கள். அதுவும் கொலைதான். பாட்டனுக்கு நேர்ந்த அநியாயம் பேரன் செய்யும் கொலைக்கு உரிமைச் சீட்டாகாது.

இந்த இடத்தில் ஹ்ராந்த் தின்க் என்ற மனிதரை நினைக்க வேண்டும். இஸ்தான்புல்லில் ஆர்மீனியப் பத்திரிகை நடத்திய துருக்கிக் குடிமகன். நடந்தது இன்னதென்று துருக்கிக்குள்ளிருந்தே பேசினார். துருக்கியத் தன்மையை இழிவுபடுத்தினார் என்று அவருக்குத் தண்டனை கிடைத்தது. அதே மனிதர், ஆர்மீனிய இனப்படுகொலையை மறுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று 2006ல் பிரெஞ்சு சபை மசோதா நிறைவேற்றியபோது அதையும் எதிர்த்தார். பேச்சுரிமையைத் துருக்கியும் நெரிக்கக் கூடாது, பிரான்சும் நெரிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 2007 ஜனவரி 19ல் தம் அலுவலக வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் சவ ஊர்வலத்தில் “நாம் எல்லோரும் ஆர்மீனியர்” என்று எழுதிய அட்டைகளைப் பிடித்து ஒரு லட்சம் பேர் நடந்தார்கள். அவர்களில் மிகப் பலர் துருக்கியர். பாரிஸிலும் வாஷிங்டனிலும் நிறைவேறிய எந்தத் தீர்மானத்தையும்விட அந்த ஊர்வலம் பெரிதென்பது என் கருத்து. குற்றம் செய்த அரசின் வாரிசு நாட்டில், சாதாரண மக்கள் தாமாகவே உண்மையின் பக்கம் வந்து நின்றார்களல்லவா!

ஏட்டுச் சுரைக்காய்

தீர்மானங்களின் பலம் எவ்வளவு என்பது நம் கண்ணெதிரிலேயே தெரிந்துபோயிற்று. ஆர்மீனியர் வாழ்ந்த நகோர்னோ கராபாக் பகுதி சர்வதேசச் சட்டப்படி அசர்பைஜானுக்கு உரியது. 1990களின் போரில் ஆர்மீனியத் தரப்பு அதையும் சுற்றுப்புற மாவட்டங்களையும் பிடித்தது. அந்த மாவட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான அசர்பைஜானியர் வீடிழந்து ஓடினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 2020ல் 44 நாள் போர். துருக்கியின் துணையோடு அசர்பைஜான் வென்றது. உடனே பிரெஞ்சு செனட் கூடி 305க்கு 1 என்று கராபாக்கை அங்கீகரிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. தேசிய சபையும் 188க்கு 3 என்று வழிமொழிந்தது. பிரெஞ்சு அரசு அதை ஏற்கவில்லை. வாக்குக்குப் பெருமை, வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

2022 டிசம்பரில் கராபாக்குக்குப் போகும் லாச்சின் சாலை அடைபட்டது. பாதையைத் திறந்துவிட வேண்டும் என்று 2023 பிப்ரவரி 22ல் சர்வதேச நீதிமன்றம் அசர்பைஜானுக்கு உத்தரவிட்டது. பாதை திறக்கவில்லை, ரொட்டிக்கும் மருந்துக்கும் பஞ்சம் வந்தது. சமாதானப் படையென்று வந்த ருஷ்யர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 19ல் அசர்பைஜான் தாக்கியது. மறுநாளே சண்டை ஓய்ந்தது. ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அதாவது அங்கிருந்த ஆர்மீனியர் அநேகமாக அனைவரும், காரிலும் லாரியிலும் டிராக்டரிலும் மூட்டை முடிச்சோடு ஆர்மீனியாவுக்கு ஓடினார்கள். 1915ஐ அங்கீகரித்த முப்பது சொச்சம் நாடுகளில் ஒன்றுகூட அந்தச் சாலையைத் திறந்துவிட முடியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை ஆர்மீனியர் அந்த ஒரே வாரத்தில் படித்தார்கள்.

இதனால்தான் ஆர்மீனிய அரசுக்கும் வெளிநாட்டு ஆர்மீனியருக்கும் இன்று மனவேறுபாடு. 1915ன் சர்வதேச அங்கீகாரம் தம் அரசின் வெளியுறவில் முதன்மைக் காரியமல்ல என்று பிரதமர் பஷின்யான் 2025ல் சொன்னார். துருக்கி 1993ல் அடைத்த எல்லை திறக்க வேண்டும், இன்னொரு போர் வரக்கூடாது என்பது அவர் கவலை. லாஸ் ஏஞ்சல்ஸிலும் மார்செய்யிலும் பெய்ரூட்டிலும் இருப்பவர்களுக்கு இது துரோகமாகப் பட்டது. அவர்களில் பெரும்பாலோர் 1915ல் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள். பாட்டி சொன்ன கதைதான் அவர்களுக்குத் தாய்நாடு. இருவரையும் குறை சொல்ல முடியாது. எனினும் ஒன்று சொல்லலாம்: வெளியூரிலிருந்து முழங்குகிறவனுக்குக் குரல் செலவு, எல்லையோரத்தில் வாழ்கிறவனுக்கு உயிர்ச் செலவு. வெளியூர் வாழ் சமூகம் எதுவாயினும் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

நம் பாராளுமன்றம் என்ன செய்ய வேண்டும்?

இந்தியா இதுவரை இனப்படுகொலை என்று அறிவிக்கவில்லை. 2017ல் அன்றைய துணை ஜனாதிபதி ஹமீத் அன்சாரியும், 2021ல் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் எரெவான் நினைவுச் சின்னத்தில் மலர் வைத்து வணங்கினார்கள். அந்தச் சொல் மட்டும் ஏட்டில் ஏறவில்லை. 2022 முதல் பினாகா ராக்கெட் உட்பட ஆயுதங்களை ஆர்மீனியாவுக்கு விற்கிறோம். 2025 மே மாதத்தில் பாகிஸ்தானோடு மோதல் மூண்டபோது துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றது. துருக்கி ஆப்பிள் வேண்டாம், துருக்கிச் சுற்றுலா வேண்டாம் என்று இங்கே குரல் எழுந்தது. அந்தச் சூட்டில், துருக்கிக்குப் பாடம் புகட்ட ஆர்மீனிய இனப்படுகொலையை அங்கீகரித்தால் என்ன என்ற யோசனையும் கிளம்பியது.

அங்கீகரிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாடம் புகட்டுவதற்காக என்றால் வேண்டாம் என்பேன். பகைவனை அடிக்க எடுத்த தடியாக ஒரு சமூகத்தின் சாவை ஆக்கினால், பகை தீர்ந்ததும் தடியை மூலையில் போடுவோம். லோசானில் அதைத்தான் செய்தார்கள். வாஷிங்டனில் பல காலம் செய்தார்கள். உண்மை என்பதற்காகச் சொன்னால், துருக்கியோடு உறவு சீரானபின்னும் அதே சொல்லைச் சொல்லும் துணிவு இருக்க வேண்டும். ஒட்டமான் ஆட்சியின் குற்றம் வேறு, இன்றைய துருக்கிய மக்கள் வேறு என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். 1987ல் ஐரோப்பியப் பாராளுமன்றம் தன் தீர்மானத்தில் இன்றைய துருக்கி அக்குற்றத்துக்குப் பொறுப்பாகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நாமும் அப்படி எழுதத் தடையென்ன?

அதற்கு முன் வீட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1948ல் ஐ.நா. சபை இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை ஏற்றது. அந்தச் சொல்லையே உண்டாக்கிய ரஃபேல் லெம்கின் ஆர்மீனியருக்கு நேர்ந்ததையும் தம் உதாரணமாகச் சொன்னவர். இந்தியா அந்த ஒப்பந்தத்தை 1959ல் உறுதிப்படுத்தியது. ஒப்பந்தப்படி அக்குற்றத்தைத் தண்டிக்க உள்நாட்டில் சட்டம் செய்ய வேண்டும், இன்றுவரை செய்யவில்லை. 1984 தில்லிச் சீக்கியர் படுகொலை வழக்கொன்றில் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த தில்லி உயர்நீதிமன்றம் இந்தக் குறையை எடுத்துச் சொல்லியும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் இனப்படுகொலைக்கென்று ஒரு பிரிவு இல்லை. தன் சட்டப் புத்தகத்தில் இல்லாத குற்றத்தை அந்நிய நாட்டின் மீது சாட்டினால், துருக்கித் தூதர் கேட்கும் முதல் கேள்விக்கு நம் எம்.பி.க்கள் என்ன பதில் சொல்வார்கள்?

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. முதலாவது, இனப்படுகொலையைத் தண்டிக்கும் சட்டத்தை இந்தியப் பாராளுமன்றம் இயற்ற வேண்டும். இரண்டாவது, அந்தச் சட்டம் கையில் இருக்கும் தகுதியோடு, எந்த நாட்டின் மீதும் கோபம் கொதிக்காத ஒரு நாளில், 1915ல் ஆர்மீனியருக்கு நடந்ததை அதன் பெயரால் அழைக்க வேண்டும். சங்கங்கள் இதைத் தத்தம் தொகுதி எம்.பி.க்களுக்குக் கடிதமாக எழுதலாம். உருகுவேயில் சட்டம் வந்தது குடியேறிய எளியவர்கள் அண்டை வீட்டாரிடம் பேசிப் பேசித்தான்.